மாமா கழற்றச் சொன்ன கம்ப்யூட்டர்

என் அக்காவின் கணவரை மன்னித்துவிடும்படி எங்கள் சபைப் போதகர் பலமுறை எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டியிருக்கிறேன். மன்னிப்பைப் பற்றி நான் நிறையப் படித்தவன். பழிவாங்குவதைப் பற்றி அதைவிட நிறையப் படித்தவன். இரண்டாவது ரகப் புத்தகங்களைத்தான் கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க முடியவில்லை என்பதை அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

விஷயம் ஒரு கார்ப்பரேட்டர். ஒரு கார்ப்பரேட்டருக்காகவா மனிதன் சொந்தக்காரனை வருஷக்கணக்கில் வெறுப்பான் என்று கேட்கலாம். கேட்பவர், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வேலூர் லாங் பஜாரில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கார் தள்ளியிருக்க மாட்டார். நான் தள்ளியிருக்கிறேன்.

அக்கா நர்ஸ். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் உழைத்துவிட்டுத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆம்பூருக்குத் திரும்பினாள். மற்ற நர்சுகள் கம்பளியும் டேப்ரெக்கார்டரும் கொண்டுவருவார்கள். இவள் கப்பலில் ஒரு காரைக் கொண்டுவந்தாள். அங்கே அவளோடு வேலை பார்த்த அமெரிக்க டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அவளிடம் விற்றுவிட்டுப் போன ஜப்பான் கார். அமெரிக்கச் சாலைகளுக்கென்று செய்தது, ஆகவே ஸ்டியரிங் இடது பக்கம். பாலைவனத்தில் அதை அவளே ஓட்டினாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ராணிப்பேட்டை வரையும் அவளே ஓட்டினாள். ராணிப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது அவள் கணவர், அதாவது மாமா, சாவியைக் கேட்டு வாங்கினார். அதன்பிறகு அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை.

மாமா தோல் தொழில்நுட்பம் படித்தவர். ஆம்பூருக்கு வெளியே, வேலூர் போகும் சாலையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேனேஜர். பச்சைத் தோலைத் தொட்டுப் பார்த்தே ஆடு எந்தச் சந்தையில் விற்கப்பட்டது என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை உண்டாக்கியவரும் அவரே. "இந்த ரோட்ல லெஃப்ட் ஹேண்ட் வண்டி ஓட்ட ஆம்பளைக்கே கண்ணு பத்தாது, பொம்பளைக்கு இன்னாத்துக்கு?" என்பது அவர் கொள்கை. ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பதால், முன்னே போகும் லாரியைத் தாண்டும்போது எதிரே வருவது அவருக்குத் தெரியாது. வலது சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்து "போ" என்றோ "நில்லு" என்றோ சொல்ல வேண்டும். மாமாவுக்கு அந்தக் கண் நான்தான். "போ" என்று சொல்லி எதிரே பஸ் வந்தால் என் முட்டாள்தனம். "நில்லு" என்று சொல்லி ஒன்றும் வராவிட்டால் என் கோழைத்தனம். அக்கா பின்சீட்டில், தான் சம்பாதித்த வண்டியில், கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இனி கம்ப்யூட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுவது கார்ப்பரேட்டர். சாதாரணக் கார்களில் எவ்வளவு கலப்பது என்பதை ஒரு திருகாணி முடிவு செய்யும். மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டு ஸ்க்ரூ டிரைவரை லேசாகத் திருப்பினால் தீர்ந்தது. அக்காவின் காரில் அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் பார்த்தது. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன், எனக்குத் தெரிந்த பாஷையில்தான் சொல்ல முடியும். புகைக்குழாயில் ஒரு மூக்கு. அது புகையை மோந்து பார்க்கும். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க ஒரு தோல். இரண்டும் ஒயர் என்கிற நரம்பு வழியாக ஒரு மூளைக்குச் சேதி அனுப்பும். மூளை என்பது முன்சீட்டுக் காலடிக் கம்பளத்துக்குப் பின்னால் டிபன்பாக்ஸ் அளவில் ஒரு தகரப் பெட்டி. பெட்டி யோசித்து, கார்ப்பரேட்டரில் இருக்கும் குட்டி வால்வை டிக் டிக்கென்று திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான். பாதி மனிதர்களுக்கு இந்த அமைப்பு இவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதில்லை.

அந்தக் காலத்து நம் பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஈயம் பட்டால் அந்த மூக்கு செத்துவிடும். எனவே பல வருஷம் வண்டி மூக்கில்லாமல், கண்டபடி பெட்ரோல் குடித்துக்கொண்டு, வெட்டி வெட்டி ஓடியது. இரண்டாயிரத்தை ஒட்டி ஈயமில்லாத பெட்ரோல் எங்கள் பக்கத்து பங்க்குகளுக்கு வந்தது. அக்காவின் பழைய தோழி ஒருத்தி லீவில் வரும்போது புது மூக்கு ஒன்றை வாங்கிவந்து கொடுத்தாள். மாட்டினோம். வண்டி கொஞ்சநாள் யோக்கியமாக ஓடியது. அந்த யோக்கியத்தை நம்பித்தான் மாமா தன் தங்கை மகளின் கல்யாணத்துக்கு அதை மணப்பெண் கார் ஆக்கினார்.

கல்யாணம் வேலூரில். மாமா ஆலய வாசலில் நின்று பெரிய மனிதர்களை வரவேற்க வேண்டியிருந்ததால் ஓட்டும் பொறுப்பு எனக்கு. பெண்ணை ஏற்றிக்கொண்டு லாங் பஜாருக்குள் நுழைந்ததும் வண்டி ஒரு குதி குதித்தது. பிறகு இன்னொன்று. கைவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே, கரும்புகை விட்டபடி, குதித்துக் குதித்துப் போய் வெங்காயம் இறக்குகிற இடத்தில் உயிரை விட்டது.

"இன்னா சார், கல்யாணப் பொண்ண வெங்காய மண்டியில எறக்குறீங்க? கிலோ இன்னா ரேட்டு?" என்றார் கைவண்டிக்காரர் ஒருவர்.

"அங்கிள், ஆராதனை ஆரம்பிச்சிடுவாங்க!" என்று பெண் பின்னாலிருந்து அழ ஆரம்பித்தாள்.

அவளை ஓர் ஆட்டோவில் ஏற்றினோம். முக்காட்டின் நுனி ஆட்டோவுக்கு வெளியே பறந்துகொண்டே போனது. நான் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் காரைத் தள்ளினேன். தள்ள உதவியவர்கள் எல்லாரும் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று தேடி வலது சன்னலில் தலையை விட்டார்கள்.

நின்றது காரின் குற்றம். ஆனால் பந்தியில் மாமா எழுந்து நின்று சொன்னது வேறு. "தவளை அறுக்கிற வாத்தியார் கையில வண்டிய குடுத்தேன். வண்டியும் தவளையா மாறிடுச்சி. லாங் பஜார் பூரா தாவித் தாவியே வந்துதாம்!" பிரியாணித் தட்டுகள் அதிரச் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? ஞானஸ்நான விருந்தில் சொன்னார். வீடு பிரதிஷ்டையில் சொன்னார். ஒரு சாவு வீட்டில், பெட்டியை மூடப்போகிற நேரத்தில், என்னைப் பார்த்து வாய்க்குள் "க்ரோக்" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் துக்கம் தாங்காதவர் மாதிரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அன்று அந்தப் பெட்டியின் அருகில் நான் என்ன நினைத்தேன் என்பதைப் போதகரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்கு அக்காவை அழைத்தார்கள். காலையில் சீக்கிரம் போக வேண்டும், நேரங்கெட்ட நேரத்தில் திரும்ப வேண்டும். அவளிடம் கார் இருந்தது. அதாவது, மாமாவிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டில் அவள் பேச்சை எடுத்தாள். மாமா எலும்பை வைத்துவிட்டு விரலைச் சப்பினார்.

"நானே சொல்லலாம்னு இருந்தேன். நம்ம மெக்கானிக் பாய்கிட்ட பேசிட்டேன். அந்தப் பெட்டி, ஒயரு, டியூபு எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு சாதா கார்ப்பரேட்டர் போட்டுத் தரேன்னாரு. வாணியம்பாடில ஒருத்தர் வண்டியப் பாத்துட்டுப் போய்ட்டாரு. கம்ப்யூட்டர் இல்லன்னா எடுத்துக்குவாராம்."

"விக்கவா போறீங்க?"

"வெச்சிகிட்டு இன்னா பண்றது? மூக்கு மாத்தியாச்சு. அப்பவும் குதிக்குது. அப்போ மூளைதான் அவுட்டு."

"நான் வேலூருக்கு எதுல போறது?"

"பஸ்ஸு எதுக்கு வுட்டு வெச்சிருக்கான்?"

"வண்டி என்னுதுங்க."

"வண்டி உன்னுதுதாம்மா. பேஜார் யாருது?"

இதில் எனக்கு ஆத்திரமூட்டியது எது என்றால், கழற்றிவிடலாம் என்பதில் நியாயம் இருந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்த மெக்கானிக் எங்கள் ஜில்லாவில் இல்லை. ஒரு வால்வு போனால் வளைகுடாவிலிருந்து யாராவது லீவில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சாதா கார்ப்பரேட்டர் என்றால் மாதனூர் ரோட்டோரத்தில் பல் குத்திக்கொண்டிருப்பவர்கூடச் சரிசெய்துவிடுவார். மாமா சொன்னதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே ஸ்பானரை எடுத்துக் கொடுத்திருப்பேன். சொன்னவர் அவர். அதனால், கம்ப்யூட்டர் கார்ப்பரேட்டர் மனித குலத்தின் மகத்தான சாதனை என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றிவிட்டது.

"கம்ப்யூட்டரோடயே ஓடும் மாமா," என்றேன்.

"எங்க? லாங் பஜார்லயா?"

"ஏலகிரி மலையே ஏறும்."

இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. மாமாவின் முகம் மலர்ந்தது. "மச்சான், கேட்டுக்க. மே மாச லீவுல ஏலகிரி. நிக்காம, தள்ளாம மேல ஏறிடுச்சின்னா, சாவிய உங்கக்கா கையில குடுத்துடறேன். கழட்டவும் மாட்டேன், விக்கவும் மாட்டேன், வேலைக்கும் போவட்டும். ஏறலன்னா மறுநாளே வண்டி பாய் ஷெட்டுக்குப் போவுது. நீ சபை நடுவுல எழுந்து நின்னு, அன்னிக்கு கல்யாண வண்டிய நிறுத்தினது நான்தான்னு சாட்சி சொல்ற."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. ஊசி போடும் முன் நர்சுகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. மாமா தூங்கப்போனதும், "உன் வீம்புக்கு என் வேலைய பந்தயம் வெச்சிட்டியே, எருமை," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மாமா சாப்பாட்டுக்குப் பின் தூங்கினார். சாவி சட்டைப்பையில், சட்டை ஆணியில். அக்காவும் நானும் சாவியை எடுத்துக் கார்க் கதவைத் திறந்தோம். உள்ளேயிருந்து வழக்கமான அழுகின முட்டை நாற்றம் வந்தது. காலடிக் கம்பளத்தை உரித்து, பெட்டியைக் கண்டுபிடித்து, அதற்குள் போகிற ஒயர்க்கட்டின் பிளக்கைப் பிடித்து இழுத்தேன். தவளையின் மூளையைத் திறக்கும்போது நான் எவ்வளவு நம்பிக்கையோடு இருப்பேனோ அதில் கால்வாசி இல்லை. பிளக்குக்குள் வரிசையாக ஊசிகள். எல்லாம் கரி பூசினாற்போல் கறுப்பு.

"எரிஞ்சி போச்சா?" என்றேன்.

அக்கா குனிந்து பார்த்தாள். உள்ளே போய், தன் சின்ன மகளின் வெள்ளிக் கொலுசை எடுத்துவந்து பிளக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே கறுப்பு.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சேர்த்து ஊறப்போடுகிற மருந்திலிருந்து ஒரு வாயு வரும். அழுகின முட்டை நாற்றம் அதனுடையது. அது பட்டால் வெள்ளி கறுக்கும், செம்பு கறுக்கும். எங்கள் ஊரில் கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்ப்பது பல் தேய்ப்பது போல் ஓர் அன்றாடக் கடமை. தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாமா நடத்தும் முதல் பாடமே, வெள்ளி மோதிரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வா என்பதுதான்.

அந்த மாமா காரை எங்கே நிறுத்தினார்? மற்றவர்கள் வண்டியெல்லாம் வெயிலில் காய, மேனேஜர் காருக்கென்று நிழலான ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்புத் தொட்டிகளை ஒட்டிய மதிலோரம். வெயிலுக்காகச் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வேறு போவார். பத்து வருஷமாக அந்தக் காற்று வண்டிக்குள் புகுந்து குடியிருந்தது. மூக்கு நன்றாக இருந்தது, மூளை நன்றாக இருந்தது. நடுவில் நரம்புமுனைகள் கறுத்துப்போய்ச் சேதி போகவில்லை. இன்ஜின் சூட்டைச் சொல்லும் ஒயர் ஊமையாகிவிட்டால், இன்ஜின் உறைபனியில் கிடக்கிறது என்று அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேலூர் வெயிலில் குளிரால் நடுங்கிய ஒரே ஜீவன் அந்தக் கார்தான்.

நான் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். அக்கா பஞ்சுக்குச்சியில் பல்பொடி தொட்டு ஊசி ஊசியாகத் தேய்த்து, ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டால் துடைத்தாள். புண்ணுக்குக் கட்டுப்போடுகிற கை. பிளக்கைச் செருகி, ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்தோம். அவள்தான் ஓட்டினாள். ஒரு குதி இல்லை. புகை இல்லை. திரும்பி வந்து நிறுத்தியபோது அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உள்ள போய் எழுப்பி சொல்லிடலாமா?" என்றாள்.

"சொன்னா இன்னா நடக்கும்?"

யோசித்தாள். "நல்லதாப் போச்சுன்னு சொல்லிட்டு, நாளைக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போவாரு. அதே நெழல்ல நிறுத்துவாரு."

"சாவி?"

"அவுரு பையிலயேதான் இருக்கும்."

ஆகவே நான் பிளக்கை மறுபடி பாதி வெளியே இழுத்துவிட்டேன். இது பாவம் என்று அவள் தடுப்பாள் என எதிர்பார்த்தேன். அவள் குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் இழுடா," என்றாள்.

அதன்பின் வந்த வாரங்களை என் வாழ்வின் வசந்தகாலம் என்பேன். தினமும் காலையில் மாமா தெருமுனை திரும்பும்போது வண்டி வெட்டும். நான் என் வீட்டு மாடியில் பல் தேய்த்தபடி பார்ப்பேன். ஒவ்வொரு குதிக்கும் எனக்குள் ஒரு பட்டாசு வெடிக்கும். அவருக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. நான் அதற்கு எண்ணெய் ஊற்றினேன். "உங்க தம்பி குடும்பத்தையும் கூப்பிடுங்க மாமா." கூப்பிட்டார். "கல்யாணப் பொண்ணும் புருஷனும் வந்தா நல்லாருக்கும்." அவர்களையும் கூப்பிட்டார். "போதகரும் வரட்டுமே, பந்தயத்துக்கு ஒரு சாட்சி." அவருக்கும் சொன்னார். கடைசியில் பார்வையாளர்களுக்கென்றே ஒரு வேன் பேசினார். வண்டி நின்றால் இழுக்க, வேனில் கயிறும் வைத்தார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மாமா வேன்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் செருப்பு மாட்டுகிற பாவனையில் காருக்குள் குனிந்து பிளக்கை அழுத்தினேன். க்ளிக். நிமிர்ந்தபோது அக்கா இடது சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா இது? வாத்தியார் இல்ல ஓட்டணும்?" என்றார் மாமா.

"வண்டி ஏறணும்னுதானே பேச்சு," என்றாள். "யாரு ஓட்டணும்னு பேசலியே."

வேன் முழுக்கச் சொந்தக்காரர்கள். மறுத்தால் பயந்துவிட்டார் என்பார்கள். கூடவே இருந்து கண்ணால் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு, மாமா ராணிப்பேட்டைக்குப் பிறகு முதன்முறையாக வலது சீட்டில் ஏறினார். நான் அவருக்குப் பின்னால்.

ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரி தாண்டி மலை ஆரம்பித்தது. வண்டி சத்தமில்லாமல் ஏறியது. முதல் கொண்டை ஊசியில் மாமா குதியை எதிர்பார்த்து முன்கூட்டியே குலுங்கினார். வண்டி குலுங்கவில்லை, அவர் மட்டும் குலுங்கினார். அடுத்த வளைவு, அதற்கடுத்தது. அவர் நெற்றியில் வியர்வை. மேலே கல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா அதன் பின்னால் போய், "பாத்து சொல்லுங்க," என்றாள்.

"நில்லு! நில்லு! வண்டி வருது!"

நல்ல ஏற்றத்தில் நிறுத்தினாள். நான் என் பக்கத்துச் சன்னலில் எட்டிப் பார்த்தேன். ரோடு காலி. ஒரு குரங்கு மட்டும் உட்கார்ந்திருந்தது. செங்குத்தில் நிறுத்தி எடுத்தால் இன்ஜின் திணறி அணையும் என்பது மாமாவின் கணக்கு. அக்கா கைப்பிரேக்கை விட்டு, கிளட்சை விட்டு, வழுக்கினாற்போல் எடுத்தாள். அடுத்த நேர்ப்பாதையில் மறுபடி "நில்லு!" மறுபடி காலி ரோடு. மறுபடி அலுங்காமல் எடுத்தாள். அவர் மூன்றாவது "நில்லு"வுக்கு வாயைத் திறந்தபோது அவள் திரும்பாமலே சொன்னாள்:

"தம்பி, இனிமே நீ பாத்து சொல்லுடா. இவுருக்குக் கண்ணு பத்தல."

"போ அக்கா," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன "போ"க்களிலேயே உரக்கச் சொன்னது அது. லாரியைத் தாண்டினோம்.

மேலே ஏரிக்கரையில் நிறுத்தி அக்கா இறங்கினாள். சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். வேனிலிருந்து எல்லாரும் இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். மாமா சிரிக்க முயன்றார். "ஏதோ நல்ல மூடுல இருக்குது இன்னிக்கி. கம்ப்யூட்டர் சமாச்சாரம், சொல்ல முடியாது."

நான் பையிலிருந்து கொலுசை எடுத்தேன். தேய்க்காமல் வைத்திருந்த கொலுசு. கம்பளத்தை உரித்து, பளபளவென்று இருந்த பிளக்கை எல்லாருக்கும் காட்டினேன். சுண்ணாம்புத் தொட்டி, மேனேஜர் நிழல், வெள்ளி மோதிரப் பாடம், எதையும் விடவில்லை. கல்லூரியில் அவ்வளவு தெளிவாக நான் பாடம் நடத்தியதே இல்லை. "லாங் பஜார்ல வண்டிய நிறுத்தினது தவளை இல்ல மாமா. உங்க நெழலு," என்று முடித்தேன்.

கல்யாணப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு மாமாவின் தம்பி. மாமா என்னையே பார்த்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"போன மாசமே."

"போன மாசமே தெரிஞ்சும், இத்தினி பேரைக் கூப்பிட வெச்சியா?"

"ஆமா மாமா."

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெபிக்கிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது.

பழிவாங்கியவன் நிம்மதியாகத் தூங்குவான் என்று புத்தகங்களில் இருக்கிறது. நான் ஒரு வாரம்தான் தூங்கினேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், மாமா நாலு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு, "ஹைட்ரஜன் சல்ஃபைடு சார். நான் அப்பவே டவுட் பண்ணேன். மச்சான்கிட்ட சொல்லி க்ளீன் பண்ண வெச்சேன்," என்று கைகளை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் ஆம்பூர்க்காரர்கள். மேனேஜர் சொன்னால் நம்புவார்கள். நான் பாய்ந்து போகப் பார்த்தேன். அக்கா முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "கதைய அவுரு வெச்சிக்கட்டும். சாவி எங்கிட்ட இருக்குது." அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. இதை எழுதுவதன் காரணம் அதுதான், வேறு உயர்ந்த நோக்கம் எதையும் தேட வேண்டாம்.

கம்ப்யூட்டர் கார்ப்பரேட்டரை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்று பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். முதலில் பிளக்கைத் துடையுங்கள், பிறகு யோசியுங்கள் என்பேன். சில வருஷம் கழித்து அந்தப் பெட்டி உண்மையாகவே செத்தது. அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தானே பாயின் ஷெட்டுக்கு ஓட்டிப்போய் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, சாதா கார்ப்பரேட்டர் போட்டுக்கொண்டு, மாலையில் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். "அன்னிக்கே சொன்னேன்," என்றார் மாமா. அவர் சொன்னதும் உண்மைதான். அவள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

ஆனால் அவள் வேலையில் சேர்ந்த அந்த முதல் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். வேலூரில் இருக்கிற என் கல்லூரிக்குப் போக நான் அவள் பக்கத்தில், வலது சீட்டில். மாதனூரை நெருங்கும்போது முன்னால் மாமாவின் கம்பெனி பஸ். கார் இல்லாத மேனேஜர் அதில்தான் போயாக வேண்டும். ஷிப்டுக்குப் போகிற பெண்கள் பூவும் சாப்பாட்டுக் கூடையுமாக நிரம்பியிருந்தார்கள். முன்சீட்டில் மாமா, பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி.

"போலாமா?" என்றாள் அக்கா.

எதிரே ரோடு காலி. "கொஞ்சம் இரு," என்றேன்.

"வண்டி வருதா?"

"இல்ல. பக்கத்துலயே கொஞ்ச தூரம் போயேன். அவுரு நம்மளப் பாக்கட்டும்."

"எனக்கு டூட்டிக்கு நேரமாவுது," என்று சொல்லி ஒரே மிதியில் தாண்டினாள். பஸ்ஸிலிருந்த பெண்கள் ஸ்டியரிங்கில் அவளைப் பார்த்துவிட்டு ஓவென்று கத்திக் கையசைத்தார்கள். அவளும் ஒரு கையைத் தூக்கினாள். பேப்பர் மட்டும் அசையவில்லை. அது இறங்குமா என்று பார்க்க நான் சீட்டில் திரும்பி, முட்டி போட்டு, பள்ளிகொண்டா வரை பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனேன். இறங்கவில்லை. என் கழுத்துதான் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது தலையைத் திருப்ப முடியவில்லை.

"நல்லா வேணும்," என்றாள் அக்கா. வெள்ளைப் புடவையைச் சரிசெய்துகொண்டு, கதவைச் சாவி போட்டுப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.